அடுத்த துறைமுகத்தில் ஏறுவாள்

பேய்க் கதை என்றால் நள்ளிரவும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் மன்னிக்க வேண்டும். இது மத்தியானம் இரண்டேகாலுக்கு நடந்தது. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே ஏ.சி., சலவை வாசனை அடிக்கும் படுக்கை, மேசைமேல் பாதி தின்ற பிஸ்கட். ஒரு பேய் வருவதற்கான எந்த ஏற்பாடும் அங்கே இல்லை. ஆனாலும் நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் கண்ணாடிக் கடையில் பதினாறு வருடமாக லென்ஸ் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் தள்ளினாலும் வாடிக்கையாளருக்குத் தலை சுற்றும் என்று தெரிந்தவள். கையில் கடிகாரம் கட்டியிருந்தாள். நேரங்களை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவது அதனால்தான்.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பேர். நாற்பத்தொரு வயதிலும் சின்னவள்தான். கல்யாணம் ஆகவில்லை. ஆகவே அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் அவளுக்குத் 'தானாகவே அமைந்தது' என்பார் அவளுடைய அண்ணன். பாக்கியம் தனக்கு அமையாமல் போனதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அண்ணன் சிமெண்டு வியாபாரிகள் சங்கத்துக்கு மூன்று முறை தலைவராக இருந்தவர். வீட்டிலும் அவர் தலைவர்தான். மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள், என்ன தொனியில் என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் போடுவதற்குச் சுற்றறிக்கை என்று பெயர். எண் போட்டு வரும். சுற்றறிக்கை எண் 4 இப்படி வந்தது: 'அப்பா அம்மாவின் ஐம்பதாவது கல்யாண வருடத்தை முன்னிட்டு நான்கு தலைமுறை, ஒன்பது பேர், ஏழு நாள், ஒரே கப்பல். மறுப்புகள் ஏற்கப்படா.'

ஒன்பது பேர் யார் என்றால், அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, தலைவர், அண்ணி, அவர்கள் மகன், மருமகள், இரண்டு வயதுப் பேரப்பிள்ளை, சின்னவள். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து கைத்தடி. அத்தைக்கு நாலுகால் நடைச்சட்டம். அப்பா மட்டும் அப்போது விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். அதனால் 'நடக்கச் சிரமப்படும் பயணி' என்ற படிவத்தை அம்மா பேரில் நிரப்பினார்கள். அகலக் கதவு வைத்த அறை கிடைத்தது. அப்படிப்பட்ட அறைகள் அந்தக் கப்பலிலேயே பத்தோ பன்னிரண்டோதான்.

பிறகு எல்லாம் தலைகீழானது. அப்பா மாடிப்படியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். கூடவே நெஞ்சிலும் கோளாறு கிளம்பியது. இரண்டாம் நாள் அம்மா குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. அவளை வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சின்னவள் அங்கே காவல், தலைவரின் மகன் அப்பாவிடம். இருபத்திரண்டு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா இறந்துபோனாள்.

"இவருக்கு இப்ப அதிர்ச்சி எதுவும் வேணாம், ஒரு நாலு நாள் போகட்டும்" என்றார் அப்பாவின் டாக்டர். டாக்டர் சொன்னது நாலு நாள். சுற்றறிக்கை எண் 9 அதைக் காலவரையின்றி நீட்டித்தது: 'அப்பாவிடம் யாரும் சொல்லக் கூடாது. தக்க தருணத்தில் நானே அறிவிப்பேன்.' அம்மா சித்தி வீட்டில் வைத்தியம் பார்த்துக்கொள்கிறாள், பேச்சு வராததால் போனில் வர முடியாது என்று கதை கட்டினார்கள். கப்பலை ரத்து செய்தால் அப்பாவுக்குச் சந்தேகம் வரும் என்றார் தலைவர். சங்கத்தின் மாத இதழில் பயண அறிவிப்பு படத்தோடு வந்துவிட்டதை அவர் ஒரு காரணமாகச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் டிக்கெட்டையும் ரத்து செய்யவில்லை. செய்தால் அகலக் கதவு அறை கைவிட்டுப்போகும். அப்பாவின் சக்கர நாற்காலி சாதாரண அறைக் கதவுக்குள் நுழையாது.

ஆக, காகிதத்தில் அம்மாவும் கப்பலுக்கு வந்தாள்.

முதல் நாள், துறைமுகத்தில் அப்பா நாற்காலியில் இருந்தபடி கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"அவ எங்கடா?"

எந்த மைக் முன்னாலும் திணறாத தலைவர் அங்கேயும் திணறவில்லை. "அம்மா அடுத்த துறைமுகத்துல ஏறுவாங்கப்பா. சித்தி வீட்டுக்கு அதுதான் கிட்ட."

பொய்க்கு ஒரு கால அட்டவணை கிடைத்தது அப்படித்தான்.

அப்பா தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவர். மூளையில் ஒரு குறையும் கிடையாது. ஒவ்வொரு துறைமுகத்திலும் காலை ஏழு மணிக்கெல்லாம் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஏறும் வழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடச் சொல்வார். விறைப்பாக உட்கார்ந்து ஏறுகிறவர்களை ஒவ்வொருத்தராகப் பார்ப்பார். கப்பல்காரர்கள் இரண்டு பேர் அவரை ஏதோ தணிக்கை அதிகாரி என்று நினைத்து சலாம் வைத்தார்கள். கதவை மூடும்போது, "வரலையே" என்பார். "அடுத்தது, அப்பா" என்பாள் சின்னவள். மூன்று துறைமுகம் இப்படிப் போயிற்று.

"நான் வாயைத் தொறந்தா கப்பல் கவுந்துடும்னு உங்கண்ணன் சொல்லி வெச்சிருக்கான்" என்றாள் அத்தை. காது சரியாகக் கேட்காததால் ரகசியத்தையும் ஊருக்கே கேட்கும்படிதான் சொல்வாள். "அவன் வாய் அதைவிடப் பெருசு. அதுக்கே கவுழலை."

சின்னவள் சிரிக்கவில்லை. அவளுடைய பயம் வேறு. அம்மா போய்விட்டாள் என்று சொன்னால் அப்பா அடுத்து என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். போகும்போது யார் பக்கத்துல இருந்தா?

அவள்தான் இருந்தாள் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் கையைக் கடைசிவரை பிடித்திருந்தாள். அஞ்சலி அட்டையிலேயே தலைவர் 'இளைய மகளின் கரம் பற்றியபடி' என்று அச்சடித்துவிட்டார். நடந்தது அதுவாக இல்லை. இருபத்திரண்டு நாள் பிடித்திருந்த கையை அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டேகாலுக்கு அவள் விட்டாள். போன் அடித்தது. தலைவர். கப்பலில் படம் எடுக்க எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட், நீலமா பச்சையா என்று கேட்டார். நோயாளி பக்கத்தில் பேச வேண்டாமே என்று அவள் வராண்டாவுக்குப் போனாள். ஆறு நிமிடம். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. அவள் நர்ஸைக் கூப்பிடவில்லை. முதலில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடு இருந்தது. அதற்குப் பிறகுதான் கூப்பிட்டாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாம் நாள்தான் கடைசித் துறைமுகம். அங்கே கப்பல் கரைக்குப் போகாது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்கள் சின்னப் படகில் இறங்கிக் கரைக்குப் போய்வர வேண்டும். அலையில் படகு ஒரு முழம் ஏறி ஒரு முழம் இறங்கும். சக்கர நாற்காலிக்கும் நடைச்சட்டத்துக்கும் அனுமதி இல்லை.

"மூத்தோர் கப்பலில் ஓய்வெடுப்பார்கள்" என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தார் தலைவர். போவதற்கு முன்னால் அப்பாவை இரண்டு பேராகத் தூக்கி நிறுத்திக் கைப்பிடிக் கம்பியில் சாய்த்து, நாற்காலி தெரியாமல் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அப்பா படத்துக்காகச் சிரித்தார். கால் நடுங்கியது. பிறகு தலைவர் சின்னவளைத் தனியே இழுத்து, "இதோட துறைமுகம் முடிஞ்சுது. ஏதாச்சும் சொல்லிச் சமாளி" என்றார்.

"என்ன சொல்லட்டும்?"

"அது உன் சாமர்த்தியம்."

பத்தரைக்குப் படகு போயிற்று. அவள் தீர்மானித்துவிட்டாள். அவர்கள் திரும்பி வருவதற்குள் அப்பாவிடம் சொல்லிவிடுவது.

இரண்டாயிரம் பேர் இருந்த கப்பலில் கூட்டமே இல்லை. நடைவழி நீளமாக, ஆளில்லாமல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகளாகக் கிடந்தது. சக்கர நாற்காலியின் கீச்சு மட்டும்.

11:40. அப்பாவும் அவளும் தங்கியிருந்த அறையைச் சுத்தம் செய்கிற ஆள் வந்தார். ஐம்பது வயது இருக்கும், அமைதியானவர்.

"அம்மாவுக்கு இன்னொரு தலகாணி கொண்டாந்திருக்கேன். நேத்து கேட்டாங்க."

"எங்க அத்தை அடுத்த ரூம்ல இருக்காங்க."

"அவங்க இல்லைங்க. இந்த ரூம் அம்மா. கைத்தடி வெச்சிருப்பாங்களே."

அத்தையின் நடைச்சட்டத்தைத்தான் கைத்தடி என்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். தலையணையை வாங்கி வைத்தாள்.

12:05. குளியலறைக்குள் போனாள். அந்த அறைக்குரிய வசதிகளில் ஒன்று, உட்கார்ந்து குளிக்கச் சுவரோடு மடிக்கும் பலகை. காலையில் அப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்து, பலகையை அவளே மடித்து வைத்திருந்தாள். இப்போது அது கீழே இறங்கியிருந்தது. ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள். வெந்நீர்.

ஆணி தளர்ந்திருக்கும். குழாய் ஒழுகியிருக்கும். அவள் கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, கடைசியில்தான் கண்ணைக் காட்ட வருவார்கள்.

12:40. சாப்பாட்டுக் கூடம். மூன்று பேர் மட்டும் ஒரு மேசையில்.

"ராத்திரி பூரா என்னடி பேச்சு உங்க ரூம்ல?" என்றாள் அத்தை.

"நான் ஒன்பது மணிக்கே மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன் அத்தை. வாந்தி மாத்திரை."

"அப்ப இவன் யாரோட பேசினான்? ரெண்டு குரல் கேட்டுச்சு. எனக்கே கேட்டுச்சுன்னா பாத்துக்க."

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். காது கேட்காததுபோல. அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

1:30. சாப்பிட்டதும் அத்தை கூடத்துச் சோபாவிலேயே சாய்ந்துவிட்டாள். சின்னவள் அப்பாவை மேல்தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கீழே படகுகள் ஒன்றிரண்டு திரும்பி வரத் தொடங்கியிருந்தன. அப்பா கம்பி வழியாகக் குனிந்து பார்த்தார். ஏறும் ஒவ்வொரு முகத்தையும்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். நாற்காலியின் பிரேக்கைச் சரிபார்த்தாள்.

1:52. உதவி மேசைப் பெண் மாடிப்படியில் ஏறி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"இங்க இருக்கீங்களா? அப்ப உங்க ரூம்ல யாருங்க?"

"யாரும் இல்லையே."

"பாத்ரூம்ல சிவப்புக் கயிறு இருக்குல்ல, விழுந்துட்டா இழுக்கறது. அதை இழுத்திருக்காங்க. ஸ்பீக்கர்ல கேட்டேன். 'ஒண்ணுமில்லம்மா, கை பட்டுடுச்சு'ன்னாங்க. வயசான குரல்."

"அத்தையா இருக்கும்."

"அத்தைதான் கூடத்துல தூங்கறாங்களே. இப்பதான் தாண்டி வந்தேன். ரூமையும் போய்ப் பார்த்தேன். யாரும் இல்ல."

அந்தப் பெண் போன பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார். "கீழ போலாம்மா. காத்துக்கிட்டிருக்கும்."

எது காத்துக்கிட்டிருக்கும் என்று அவள் கேட்கவில்லை.

2:10. அறை. அது பொத்தான் கதவு. உள்ளே பொத்தானை அமுக்கினாலோ வெளியே அட்டையைக் காட்டினாலோ தானே மெல்லத் திறந்து, ஒருவர் நுழைகிறவரை நின்று, தானே மூடும். ஸ்ஸ்ஸ்... டக். அட்டை இல்லாமல் வெளியிலிருந்து திறக்காது.

குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். காலி. கயிறு நேராகத் தொங்கியது. லேசாக ஆடியது. கப்பல் ஆடவில்லை.

அப்பாவைப் படுக்கைக்கு மாற்றினாள். தலையணை வைத்துச் சாய்த்தாள். எப்போதும்போல அவர் சுவரோரம் ஒதுங்கி, இந்தப் பக்கம் ஓர் ஆள் படுக்க இடம் விட்டுத்தான் சாய்ந்தார். ஐம்பது வருடப் பழக்கம். அவள் தரையில் உட்கார்ந்து அவர் கால் உறையைக் கழற்றினாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

கடிகாரத்தைப் பார்த்தாள். 2:14.

ஸ்ஸ்ஸ்...

கதவு திறந்தது.

வெளியே நடைவழி. வெளிச்சம். யாரும் இல்லை.

கதவு மூடவில்லை. நின்றது. சாதாரணமாக எவ்வளவு நேரம் நிற்குமோ அதைவிட அதிகமாக நின்றது. முழங்கால் வலிக்கிற ஒருவர் கைத்தடியை ஊன்றி, வாசலைத் தாண்டி, உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகுமோ... அவ்வளவு நேரம்.

டக்.

அப்பா கால்களை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வருகிறவருக்கு இடம் கொடுப்பதுபோல.

மெத்தையின் ஓரம் அமுங்கியது.

அவள் கண் முன்னால். அவள் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில். விரிப்பில் சுருக்கம் விழுந்தது.

"சொல்லும்மா" என்றார் அப்பா. "அவளும் கேக்கட்டும்."

சின்னவளுக்கு ஓட வேண்டும் என்று தோன்றியது. கால் வரவில்லை. வாய்தான் வந்தது. வாரக்கணக்காக அடைத்து வைத்திருந்தது பயத்தில் உடைந்து வெளியே விழுந்தது.

"அம்மா இல்லப்பா. செத்துட்டாங்க. ஏழு வாரம் ஆச்சு."

அப்பா பக்கத்தில் அமுங்கியிருந்த விரிப்பைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"யார் சொன்னா? அத்தையா?"

"அவளேதான் வந்து சொன்னா. ஆஸ்பத்திரிக்கு. செவ்வாய்க்கிழமை மத்தியானம், உன் அண்ணன் மகன் டீ குடிக்கப் போயிருந்தான்."

"அம்மாவுக்குப் பேச்சே வராதேப்பா..."

"நல்லாத்தான் பேசினா."

ஏ.சி. ஓடும் சத்தம். கீழே எங்கோ படகின் மோட்டார்.

"தெரிஞ்சுமா ஒவ்வொரு துறைமுகத்துலயும் போய் உக்காந்தீங்க? தெரிஞ்சுமா தினமும் கேட்டீங்க?"

"யாராச்சும் ஒருத்தர் சொல்லிட மாட்டீங்களான்னுதான் கேட்டேன்." அப்பாவின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "அவ வந்து பேசறா, போறா. அது வேற. நீங்க சொன்னாத்தானேம்மா நான் அழ முடியும்? ஏழு வாரமா நல்லா இருக்கறவன் மாதிரி சட்டை போட்டுக்கிட்டு... முடியல."

எழுபத்தொன்பது வயது மனிதர், ஆறு பேர் சேர்ந்து கட்டிய பொய் வெளுத்துவிடக் கூடாதே என்று, மனைவிக்காக அழாமல் இருந்திருக்கிறார். இப்போது அழுதார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல்.

சின்னவள் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும். கையில் இருந்தது ஒன்றுதான். எல்லோரிடமும் சொன்னது.

"கஷ்டப்படலப்பா அம்மா. நான் கூடத்தான் இருந்தேன். கடைசிவரைக்கும் கையை..."

"நீ வராண்டாவுல போன்ல இருந்த."

அவள் நிமிரவில்லை.

"அவதான் சொன்னா. பரவால்லன்னு உன்கிட்ட சொல்லச் சொன்னா. நீயா வாயைத் தொறக்கட்டும்னு நான்தான் இருந்தேன்." அப்பா மூக்கை உறிஞ்சினார். "அப்புறம் வந்து பிடிச்சுக்கிட்டியாமே. அது தெரிஞ்சுதாம் அவளுக்கு."

அவள் பிடி இறுகியது.

"உன் கை சில்லுன்னு இருந்துச்சாம்."

அவள் அழுதாள். அப்பா இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும். அதை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். இடக் கை கன்னத்தில். வலக் கை நெற்றியில்.

அப்போதுதான் முதுகில் ஒரு கை.

தட்டியது.

மெதுவாக.

மூன்று முறை.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் இருக்காதோ என்று ஒரு பயம். இருந்துவிட்டால் என்ற பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

விரிப்பின் சுருக்கம் மெல்ல விரிந்தது.

2:20.

ஸ்ஸ்ஸ்...

கதவு நின்றது.

நின்றது...

டக்.

ஐந்து மணிக்கு எல்லோரும் திரும்பி வந்தார்கள். இருவரின் முகத்தையும் பார்த்த தலைவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தக்க தருணம் வந்துவிட்டதாக முடிவு செய்து தொண்டையைக் கனைத்தார். "அப்பா, குடும்பத்தின் சார்பில் உங்களிடம் ஒரு துயரமான..."

"சொல்லிட்டாடா" என்றார் அப்பா. "நீ போய்க் காப்பி குடி."

அதற்குப் பிறகு அவர் ஒருமுறைகூட, அவ எங்கே என்று கேட்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு நாளும் எல்லோர் முன்னாலும் அழுதார். சாப்பாட்டு மேசையில் அழுதார். லிஃப்ட்டில் அழுதார். சலாம் வைத்த கப்பல்காரர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். அத்தை அவர் பக்கத்தில் நடைச்சட்டத்தைப் போட்டு உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி அம்மாவைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாள். நல்லதும் பேசினாள், பழைய சண்டைகளையும் பேசினாள். அப்பாவுக்கு இரண்டுமே வேண்டியிருந்தது.

அறைக் கதவு அதன்பின் தானாகத் திறக்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால், களைப்பு, வாந்தி மாத்திரை, அப்பாவிடம் யாரோ உளறியிருப்பார்கள் என்று சின்னவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பாள். ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்துத் தலைவர் வீட்டுக்கு வந்தார். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அடுக்களையில் நின்றபடியே சின்னவள் அவரிடம் உண்மையைச் சொன்னாள். அஞ்சலி அட்டையில் போட்டது பொய். உன் போனை எடுக்கத்தான் கையை விட்டேன். திட்டு வாங்கத் தயாராக நின்றாள்.

தலைவர் திட்டவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மேடையில் பார்த்த ஆளாகவே இல்லை.

"நீலமா பச்சையான்னு கேட்டேன்ல? நீலம்னு அதுக்கு முந்தின வாரமே ஆர்டர் கொடுத்தாச்சு."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்ட?"

"கூப்பிடச் சொன்னாங்க."

"யாரு?"

அவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். பழைய அழைப்புகளைத் தள்ளித் தள்ளிக் கீழே போய், ஓரிடத்தில் நிறுத்தி அவளிடம் நீட்டினார். அந்தச் செவ்வாய்க்கிழமை. வந்த அழைப்பு. 'அம்மா'. பிற்பகல் 2:13. முப்பத்தெட்டு விநாடி.

"பேச்சு வந்துடுச்சுன்னு நினைச்சேன். மீட்டிங்ல இருந்தேன், எழுந்து நின்னுட்டேன் சந்தோஷத்துல. 'அவ கையை விட மாட்டேங்கிறாடா. நீ கூப்பிட்டு அவளை ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய வெச்சுக்க'ன்னாங்க. என்ன பேசறதுன்னு தெரியாம வாயில வந்ததைக் கேட்டேன். கொஞ்ச நேரத்துல நீ கூப்பிட்டு, அம்மா போயிட்டாங்கன்னே. உன்கிட்ட எப்படிச் சொல்றது? நாந்தானே உன்னை வெளிய வரவெச்சேன்."

சின்னவள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குரல் எப்படி இருந்துச்சு?"

"தெளிவா இருந்துச்சு. எங்கயோ கிளம்பற அவசரத்துல இருந்த மாதிரி."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றை மட்டும் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அம்மா குளியலறையில் விழுந்த அன்று அவள் கையிலிருந்த போனும் கூடவே விழுந்தது, நிறைந்திருந்த வாளிக்குள். அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு அதை வாளியிலிருந்து எடுத்தவள் சின்னவள்தான். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மேசை ஓரமாகத் தள்ளி வைத்தார். அம்மாவுக்கு இனிப் பேச்சு வராது என்று டாக்டர் சொன்னதும் அந்த எண்ணையும் அவளே எழுதிக் கொடுத்து ரத்து செய்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையோடு அது ரத்தாகி இருபது நாள் ஆகியிருந்தது.